பார்த்து வரைவது பாவமல்ல

ஓவியம் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நம் ஊரில் கிடைக்கிற முதல் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "பார்த்து வரையாதே, சொந்தமாக வரை." பள்ளிப் போட்டிகளின் விதிமுறைத் தாளில் இதுதான் முதல் வரி. பரிசு கொடுக்க வரும் பிரமுகர் இதையே மேடையில் நீட்டி முழக்குகிறார். கலைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை, பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்து எடுத்துப்போனால், "இதில் உன்னுடையது என்ன இருக்கிறது?" என்று கேட்டு அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதற்கு என்ன பெயரோ, அதே பெயரை இதற்கும் சூட்டிவிட்டோம்: காப்பி அடிப்பது.

இந்த அறிவுரை தவறு. சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் வண்ணத்தைப் பொறுத்தவரை, பார்த்து வரைவதை விலக்கிவிட்டு யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. விலக்கியவர்கள் கற்பிக்கிற வேலையையே கைவிட்டவர்கள்.

திருத்தணியில் மாலை வேளைகளில் எண்ணெய் வண்ணம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் இளைஞர்கள் வருகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிரஷ்ஷைத் தொட்டவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் கேன்வாஸ் ஒன்றுதான்: வின்சென்ட் வான்கோ 1890 ஜனவரியில் வரைந்த 'முதல் அடிகள்'. ஒரு தோட்டம். தகப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறான். எதிரே தாய் குனிந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை இன்னும் நடக்கவில்லை. இதோ நடக்கப் போகிறது. பின்னால் வேலியில் துணி உலர்கிறது. அப்பால் மரமும் வீடும். ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் உயரமும் 91 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்த ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்த்து வரையாதே என்பவர்கள் இந்த ஓவியத்தின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்சி வான்கோவின் சொந்தக் காட்சி இல்லை. பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே அதே தலைப்பில் முன்பே வரைந்த காட்சி அது. வான்கோ அப்போது தெற்குப் பிரான்சில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். தம்பி தியோ, மில்லேயின் படத்தைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக அனுப்பிவைத்தார். வான்கோ அந்தப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கேன்வாஸுக்கு மாற்றினார். நம் ஊரில் சினிமா பேனர் வரைந்தவர்களும் கோயில் சுவரில் படம் எழுதியவர்களும் செய்த அதே வேலை. 1889 இலையுதிர் காலத்திலும் அதை அடுத்த குளிர்காலத்திலும் மில்லேயைப் பார்த்து மட்டும் அவர் வரைந்தவை 21 ஓவியங்கள்.

காலத்தைக் கவனியுங்கள். உலகமே அவருடைய தனித்துவத்துக்கு அடையாளமாகச் சொல்கிற 'விண்மீன் இரவு' 1889 ஜூனில் வரைந்தது. அதை வரைந்து முடித்த கைதான் சில மாதம் கழித்து மில்லேயின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு கட்டம் போட்டது. கற்பனை இல்லாதவர் செய்த காரியம் என்று இதைச் சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? புகைப்படத்தில் நிறமே கிடையாது. உருவங்களை மில்லேயிடமிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தை முழுக்கத் தானே தேடிக்கொண்டார். ஒருவர் இயற்றிய இசையை இன்னொருவர் தன் கையால் வாசிப்பது போன்றது தன் வேலை என்று தம்பிக்கு விளக்கி எழுதினார். நாம் ஏளனமாகக் காப்பி என்கிற ஒன்றுக்குள் எவ்வளவு பெரிய தேடலுக்கு இடமிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு கேன்வாஸே சாட்சி.

இதைப் பார்த்து வரைவதால் ஒரு பிள்ளை என்ன கற்கிறது? எண்ணெய் வண்ணம் மற்ற வண்ணங்களைப் போல நீர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். வரிசை மாறினால், மேல்பூச்சு முந்திக்கொண்டு இறுகி, அடிப்பூச்சு பிந்தி இறுகும்போது படம் வெடிப்பு விடும். எந்த இடத்தில் அடிநிறத்தை மூடாமல் விடுவது, எந்த இடத்தில் ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசுவது, எந்த இடத்தில் காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்பதெல்லாம் வாயால் சொல்லிப் புரிவதில்லை. முடிந்துபோன ஒரு நல்ல ஓவியத்தை மேலிருந்து கீழாகப் பிரித்துப் பார்த்து, கீழிருந்து மேலாகத் திரும்பக் கட்டும்போதுதான் கைக்குப் புரிகிறது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோட்டத்துப் பச்சைக்கு ட்யூபிலிருந்த விரிடியன் பச்சையை அப்படியே பிதுக்கிப் பூசினாள். புல்தரை பிளாஸ்டிக் பாய் விரித்தது போலக் கிடந்தது. அசலின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அங்கே 'பச்சை' என்று ஒரு நிறமே இல்லை. மஞ்சள் ஏறிய பச்சை, வெள்ளை ஏறிய பச்சை, நீலம் இறங்கிய பச்சை என்று தனித்தனி இழுப்புகளாக ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. பூசியதைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். ஓக்கர் மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், வெள்ளை ஆகியவற்றைப் பேலட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பச்சையைத் தானே கலக்க ஆரம்பித்தாள். இரவு வீட்டுக்குப் போகும்போது தெருவோர வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்து, "இதிலும் மஞ்சள் இருக்கே சார்" என்றாள்.

அடுத்த சிக்கல் தகப்பனின் கைகள். முதலில் விரல்களைத் தனித்தனியாக வரைந்தாள், நகத்தைக்கூட விடவில்லை. அத்தனை விவரம் இருந்தும் கைகள் விறைத்து நின்றன, குழந்தையைக் கூப்பிடவில்லை. அசலில் தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே ஓட்டம். விரல்களுக்கு அங்கே பெரிய மரியாதை கிடையாது. அந்த ஓட்டத்தைப் பிடிக்க அவள் பிரஷ்ஷைப் பென்சில் போலப் பிடிப்பதை விட்டு, அடிக்காம்பில் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஓவியம் சொன்னது.

'சொந்தமாக வரை' என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தன் தவறு என்னவென்று தெரியவே வழியில்லை. தெரிய வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும். சொந்தப் படத்தில் பச்சை பொய்யாக இருந்தால் "அது என் பாணி" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பார்த்து வரையும்போது தப்பிக்க இடமில்லை. கலையில் நேர்மை என்பதைப் பிள்ளை முதன்முதலில் சந்திக்கிற இடம் இதுதான்.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம்: பார்த்து வரைந்து பழகினால் கற்பனை செத்துப்போகும்.

இதைச் சொல்கிற பெற்றோரே அதே பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். ஒரு கமகம் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இப்படியே பல ஆண்டுகள் போன பிறகுதான் மனோதர்மம் என்ற பேச்சே எழுகிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே "குரு பாடியதைப் பாடாதே, சொந்தமாக ஆலாபனை செய்" என்று சொல்கிற பாட்டு வாத்தியார் எந்த ஊரிலும் இல்லை. பாட்டில் முறை என்று போற்றுவதை ஓவியத்தில் குற்றம் என்று தள்ளுவதற்கு என்ன நியாயம்?

இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது இந்தத் தணிகை மலையில்தான் என்பது சங்கீத மரபு. முருகன் முதியவர் உருவில் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டதாகக் கதை. கதையை மட்டும் கேட்கிறவர்கள், அருள் இறங்கியது, பாட்டு பொழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கிருதியின் ராகம் மாயாமாளவகௌளை. சரளி வரிசையில் உட்காரும் குழந்தை முதன்முதலாகப் பாடுகிற ராகம். தகப்பனார் ராமசுவாமி தீட்சிதரிடம் பயின்று, காசியில் சிதம்பரநாத யோகியோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர் அவர். கற்கண்டு விழுந்தது, பிறர் தந்த பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகிய நாவில்.

ஓவிய உலகிலும் நிலைமை வேறில்லை. பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1628-இல் மாட்ரிட் அரண்மனைக்குப் போனபோது அவருக்கு வயது 51. ஐரோப்பா முழுதும் பெயர் பரவியிருந்தது. அந்த நிலையில் அவர் அங்கே உட்கார்ந்து, முந்தைய நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் டிஷனின் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். அவர் பார்த்து வரைந்த 'ஆதாமும் ஏவாளும்' டிஷனின் அசலோடு மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. இரண்டையும் பார்க்கிற யாருக்கும், சீடன் ஆசானிடம் எதை எடுத்துக்கொண்டான், எதை மாற்றினான் என்பது விளங்கும். அவருடைய கற்பனை சாகவில்லை. கடைசிப் பத்தாண்டுகளில் அவர் வரைந்த நிலக்காட்சிகள் அவருடைய ஓவியங்களிலேயே மிக விடுதலையானவை.

பழங்கதை போதாது, ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு ஆய்வும் உண்டு. ஜப்பானில் தகேஷி ஒகாடா, கென்டாரோ இஷிபாஷி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை 2017-இல் வெளியிட்டார்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத பாணியிலிருந்த ஓவியத்தைப் பார்த்து வரைந்த மாணவர்கள், பிறகு தாங்களாக வரைந்தபோது, அப்படிச் செய்யாதவர்களைவிடப் புதுமையான படங்களை வரைந்தார்கள். அந்நியமான ஒன்றைக் கையால் பின்தொடரும்போது, ஓவியம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனத்தில் இறுகிக் கிடந்த எண்ணம் தளர்கிறது என்பது அவர்கள் விளக்கம். அப்படியானால், திருத்தணிப் பிள்ளை பிரெஞ்சுத் தோட்டத்தை வரைவது வீண் வேலை ஆகாது. அந்நியமாக இருப்பதுதான் அந்தப் பயிற்சியின் பலமே.

பச்சையில் தடுமாறிய அந்த மாணவி 'முதல் அடிகள்' முடித்ததும் சொந்தமாக ஒரு படம் வரைந்தாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மலைப் படிக்கட்டில் ஒரு குடும்பம். அப்பா இரண்டு படி மேலே காவடியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை, அம்மாவின் விரலைப் பிடித்தபடி, தன் இடுப்புயரப் படியில் ஏறக் காலைத் தூக்குகிறது. வெயிலில் வெளுத்த கல், மஞ்சள் சேலைகள், பின்னால் செம்பாறையும் முள்புதரும். மலையின் 365 படிகளையும் நினைவு தெரிந்த நாள் முதல் ஏறி இறங்கியவள் அவள். ஆனால் அந்தப் படிகளில் இப்படியொரு படம் காத்திருப்பது, மில்லேயின் தோட்டத்தைக் கையால் கடந்து வந்த பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. அவள் கற்பனையைக் கொன்றது எது, எழுப்பியது எது என்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது வாதம்: ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்து வரைவது அடிமைப் புத்தி. இந்த வாதத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பணியாற்றி, 1896-இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போன ஈ.பி. ஹாவெல், அங்கே மாணவர்கள் பார்த்து வரைவதற்கென்று வைத்திருந்த ஐரோப்பியப் படங்களை விலக்கி, முகலாய ஓவியங்களை முன்னிறுத்தினார். மாணவர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இந்தியக் கலையை இழிவாகப் பேசிய காலத்தில் அதற்காக வாதாடியவர் என்ற முறையில் ஹாவெல் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த இயக்கம் அடுத்து என்ன செய்தது? 1909 முதல் 1911 வரை கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர் அஜந்தாவில் நகல் எடுத்தபோது, நந்தலால் போஸும் அசித் குமார் ஹல்தாரும் அவரோடு குகைக்குள் உட்கார்ந்து சுவரோவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். பின்னாளில் நந்தலாலின் கோட்டில் வந்த உறுதிக்கு அந்தக் குகைகளே பள்ளிக்கூடம். ஆகவே எதைப் பார்த்து வரைவது என்பதில்தான் அன்று சண்டை. பார்த்து வரையலாமா என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

எண்ணெய் வண்ணம் ஐரோப்பாவில் வளர்ந்த ஊடகம். அதன் இலக்கணத்தை அங்கிருந்துதான் கற்க வேண்டும். கலம்காரி கற்க வேண்டுமானால் இங்கிருந்து வடக்கே ஸ்ரீகாளஹஸ்திக்குப் போக வேண்டும். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியில், புளியங்குச்சிக் கரியால் ஆசான் போட்ட கோட்டைப் பின்தொடர்ந்து போட்டுப் பழக வேண்டும். அதை மரபு என்கிறோம். எண்ணெய் வண்ணத்தில் அதையே செய்தால் மட்டும் அடிமைத்தனம் என்கிறோம்.

ரவி வர்மாவை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்த ஓவியர்கள் அவருக்கு வித்தையைச் சொல்லித்தரத் தயங்கினார்கள். 1868-இல் வந்த தியோடர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை. தாம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கற்றவர் ரவி வர்மா. 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வள்ளி, தெய்வானையோடு மயில்மேல் வீற்றிருக்கும் ஆறுமுகன் படமும் வெளிவந்தது. திருத்தணி அடிவாரக் கடைகளில் சட்டம் போட்டுத் தொங்குகிற முருகன் படங்களின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் கற்றதை நாடகத் திரைச்சீலைகளுக்கும், பிறகு சிவகாசி காலண்டர்களுக்கும் கொண்டுபோனார். அந்தக் காலண்டர்களில் தெய்வக் குடும்பத்துக்குப் பின்னால் தெரிகிற மலையும் அருவியும் ஒளி பட்ட மேகமும் ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்திடம் கற்றவை. முன்னால் நிற்கிற தெய்வம் முழுக்க நம்முடையது. லட்சக்கணக்கான வீடுகளில் பூசை அறைக்குள் போய்விட்ட ஒரு கலையை, கற்ற இடம் ஐரோப்பா என்பதற்காக அந்நியம் என்று யாரும் வெளியே தள்ளவில்லை.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். அதற்காக ம.பொ.சி.யும் இந்த ஊர் மக்களும் போராடினார்கள். ஆனாலும் இங்கே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் மாறி மாறி வரும். தெலுங்கு கற்றால் தமிழ் போய்விடும் என்று இங்கே எவரும் பயந்ததில்லை. தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளை எடுத்து அவற்றுக்குச் சாகித்தியம் எழுதினார். இன்றும் பாட்டு வகுப்புகளில் அவற்றை நோட்டுஸ்வரம் என்று பாடுகிறோம். அதனால் அவருடைய ராகங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. தன் வேரில் உறுதியாக நிற்கிறவனுக்குப் பிறர் கலையைத் தொட்டுப் பார்க்க அச்சம் எதற்கு?

1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது நம் மண்ணுக்கென்று ஒரு நவீன ஓவிய மொழியைத் தேடினார்கள். உண்மையான தேடல் அது. ஆனால் அவர்கள் முறையான பயிற்சியை முடித்துவிட்டு, அதில் வேண்டாததை உதறியவர்கள். அவர்கள் கற்றுவிட்டு உதறியதை, ஒன்றும் கற்காத பிள்ளையிடம் முதல் நாளே உதறச் சொல்வது அவர்களுடைய பாடத்தையே தலைகீழாகப் படிப்பதாகும்.

மூன்றாவது வாதம் கேட்பதற்கு நியாயமாகப் படும்: இன்னொருவர் ஓவியம் எதற்கு, நேரே இயற்கையைப் பார்த்து வரையட்டுமே? 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மாணவர்களை நேரடி உருவங்களையும் திறந்தவெளியையும் பார்த்து வரைய வைத்தார். நல்ல காரியம். நானும் பிள்ளைகளை மலைமேல் அழைத்துப்போகிறேன். ஆனால் எதையும் கற்காத கண்ணோடு உச்சிவேளையில் நகரி மலைத்தொடரைப் பார்த்தால் என்ன தெரியும்? ஆயிரம் புதர், பதினாயிரம் கல், கண்ணைக் கூசும் வெளிச்சம். எதை விடுவது என்று இயற்கை சொல்லாது. தொலைவிலிருக்கும் மலை ஏன் நீலமாக வெளிறுகிறது, அருகிலிருக்கும் நிழல் ஏன் சூடாகத் தெரிகிறது, ஒரு குடும்பத்தை நிலத்தின் நடுவே எவ்வளவு சிறிதாக வைத்தால் நிலம் பெரிதாகும் என்பவற்றுக்கெல்லாம் முன்னோர் கண்ட விடைகள் ஓவியங்களில் இருக்கின்றன.

ரொமான்டிக் காலத்து ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளைவிட இயற்கையை நேரில் பார்த்தவர் உண்டா? 1821, 1822-இல் லண்டனையடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் நின்று மேகங்களை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். தன் ஊர் ஆற்றில் வைக்கோல் வண்டி இறங்கி நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தை 1821-இல் காட்சிக்கு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு, 1823-இல், 47 வயதில், ஓவியச் சேகரிப்பாளர் சர் ஜார்ஜ் போமான்ட்டின் வீட்டில் வாரக்கணக்கில் தங்கி, கிளாட் லொரேனின் நிலக்காட்சிகளைப் பார்த்து வரைந்தார். வெளியே இயற்கை காத்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய கேன்வாஸைப் படித்தார். இயற்கையும் முன்னோரும் எதிரெதிர்க் கட்சிகள் என்று நாமாகக் கட்டிவிட்ட கதை அவருக்குத் தெரியாது.

நான்காவது வாதம்: இது திருட்டு. இல்லை. திருட்டு என்பது பிறர் படத்தில் தன் பெயரை எழுதுவது, அசல் என்று சொல்லி விற்பது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறந்தபோதே குறிப்பிட்ட நாட்களை ஓவியர்கள் பார்த்து வரைவதற்கென்று ஒதுக்கியது. இன்றும் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே ஈசல் என்கிற ஓவியத் தாங்கியைப் போட்டு வரையலாம். நகல் அசலின் அளவில் இருக்கக் கூடாது என்று விதி வைத்து ஏமாற்றுக்கு வழி அடைத்திருக்கிறார்கள். நம் இலக்கண மரபும் இதில் தெளிவாக இருக்கிறது. தொல்காப்பியம் நூல்களை முதல் நூல், வழி நூல் என்று பிரித்து, வழி நூலுக்கு மதிப்பான இடம் கொடுத்தது. முன்னோர் முடிவை ஏற்று, அதில் ஆசிரியன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் செய்துகொள்வதுதான் வழி நூல் என்று நன்னூல் வகுத்தது. வான்கோவின் 21 ஓவியங்களும் மில்லேக்கு வழி நூல்கள். கம்பனை வால்மீகியைத் திருடியவன் என்று சொல்லாத நாம், தன் படத்தின் அடியில் 'மில்லே, வான்கோ வழி' என்று எழுதி வைக்கிற பிள்ளையைத் திருடன் என்பதா?

எல்லாப் பார்த்து வரைதலையும் நான் ஆதரிக்கவில்லை. புரொஜெக்டரில் போட்டு வெளிக்கோட்டை எடுத்து உள்ளே நிறம் நிரப்புவதையும், அச்சடித்த கேன்வாஸின் மேல் ஜெல்லைத் தடவி எண்ணெய் ஓவியம் என்று விற்பதையும் நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். அங்கே கண்ணுக்கும் வேலை இல்லை, கைக்கும் வேலை இல்லை. ஒரே காலண்டர் படத்தை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுகிறவரும் கற்பதை நிறுத்திவிட்டவர்தான். என் வகுப்பில் வரிசை இதுதான்: முதலில் படத்தை எதிரே வைத்து வரைய வேண்டும். பிறகு படத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒருமுறை. மூன்றாவதாக அதே அமைப்பில் தன் வீட்டையோ தெருவையோ மலையையோ வைத்துச் சொந்தப் படம். அடுத்து ரவி வர்மா 1893-இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்'. அங்கே தாயும் இடுப்பில் குழந்தையும் இருக்கிறார்கள், தகப்பன் சட்டத்துக்கு வெளியே. இல்லாத ஒருவரை எப்படி வரைவது என்பது பிள்ளைகளுக்கு அடுத்த பாடம். பார்த்து வரைதல் வாசற்படி. அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. அதைத் தாண்டாமல் உள்ளே போகவும் முடியாது.

இந்தத் தவறான அறிவுரையால் அதிகம் அடிபடுகிறவர்கள் சிற்றூர்ப் பிள்ளைகள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஐரோப்பாவுக்கே போய் அசலைப் பார்த்துவிட்டு வரும். பார்த்து வரையாவிட்டாலும் கண்ணில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். திருத்தணிப் பிள்ளைக்கு எண்ணெய் ஓவியத்தின் அசல் ஒன்றைப் பார்ப்பதே அரிது. 2017 பிப்ரவரியில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் காப்புரிமை தீர்ந்த தன் ஓவியங்களின் படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. 'முதல் அடிகள்' ஓவியத்தின் ஒவ்வொரு பிரஷ் இழுப்பையும் இன்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. இப்படி ஒரு வாய்ப்பு எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. அந்த நேரம் பார்த்து, "பார்க்காதே" என்கிறோம்.

மாற்ற வேண்டியவை கடினமானவை அல்ல. ஓவியப் போட்டி நடத்துகிற பள்ளிகளும் சங்கங்களும், யாரைப் பார்த்து வரைந்தது என்று குறிப்பிட்ட படங்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாம். கலைக்கல்லூரிச் சேர்க்கையில், சொந்தப் படங்களோடு பார்த்து வரைந்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கி, "இதில் உன்னுடையது என்ன?" என்பதற்குப் பதில் "இதில் நீ கற்றது என்ன?" என்று கேட்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. லூவர் வைத்திருப்பது போன்ற விதிகளோடு, வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் அவற்றின் எதிரே ஈசல் போட இடம் கொடுத்தால், திருத்தணியிலிருந்து மின்சார ரயில் பிடித்து வர என் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளை ஒரு பெரிய ஓவியத்தை எதிரே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடினால் அதைத் தடுக்காதீர்கள். அது காப்பி அடிக்கவில்லை. ஆசானின் கையைப் படித்துக்கொண்டிருக்கிறது.

மேடையேறி "பார்த்து வரையாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லப்போகிற அடுத்த பெரிய மனிதர், பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும். 51 வயதில் ரூபன்ஸுக்குத் தேவைப்பட்டது, 47 வயதில் கான்ஸ்டபிளுக்குத் தேவைப்பட்டது, 'விண்மீன் இரவு' வரைந்து முடித்த பிறகும் வான்கோவுக்குத் தேவைப்பட்டது, இன்றுதான் முதன்முதலாகப் பிரஷ் பிடிக்கிற பிள்ளைக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போனது?